கட்டுப் பிரித்த பிறகு

எலும்பைச் சேர்ப்பது மருத்துவர் வேலை. ஆளை மறுபடி பிழைப்போடு சேர்ப்பது, பெரும்பாலும் ஒரு செவிலியரின் கைவண்ணம். அதற்கு நம் ஊரில் தனிப் பெயர்ப்பலகை கிடையாது.

மீன்சுருட்டியில் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தார் என்று வையுங்கள். 108 வரும். ஜெயங்கொண்டம், அங்கிருந்து 2022-இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, தேவைப்பட்டால் தஞ்சாவூர். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சீட்டு, ஒரு எக்ஸ்ரே. "எல்லாத்தையும் ஒரே பையில வைங்கக்கா" என்று செவிலியர் அவர் மனைவியிடம் சொல்வதில் தொடங்குகிறது அந்தக் கலை.

அடுத்தது எழுத்து. எந்த நாள், எந்த இடம், வேலை நேரமா என்பதைக் கேஸ் ஷீட்டில் தெளிவாகப் பதியவைப்பார். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த வரி பேசும். இ.எஸ்.ஐ. உள்ளவரென்றால், காயத்தால் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் உண்டு. இல்லையென்றால் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று விசாரிப்பார்.

அவர் கேள்விகள்தான் பேரழகு. வீட்டில் குத்தவைக்கும் கழிவறையா? பஸ்ஸுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்? கொஞ்ச நாள் கீழே நின்று பார்க்கிற வேலை மேஸ்திரி தருவாரா? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வரும் என்பதையும் சொல்லி அனுப்புவார்.

தையல் பிரிக்கும் தேதியை யாரும் சொல்லிவிடலாம். கரண்டி பிடிக்கும் தேதியை யோசிப்பவரே கெட்டிக்காரர்.