மாஊனும் வாளியும்

குர்ஆன் வினாவிடைப் போட்டிகளில் நம் பிள்ளைகள் வலு கெட்டிக்காரர். அத்தியாயங்கள் 114, பிஸ்மில்லாஹ் இல்லாமல் தொடங்குவது ஒன்பதாவது, அது இரண்டு தடவை வருவது இருபத்தேழாவது. கேட்டு முடிக்க முன்னமே விடை வரும். மனனம் வேணாம் எண்டு நான் சொல்லவில்லை, அது இல்லாமல் தொழுகை ஏது? ஆனால் நம் கேள்விகள் அதோடு நின்றுவிடுகின்றன.

107ஆம் அத்தியாயத்தை எடுங்கள். வசனம் எத்தனை? ஏழு என்றால் புள்ளி கிடைக்கும். அது கூஃபா மரபின் எண்ணிக்கை. மதீனா மரபில் ஆறுதான். வர்ஷ் ஓதல்படி அச்சாகும் முஸ்ஹபுகளில் அதைக் காணலாம். ஆக, அந்த ‘ஒரே சரியான விடை’யே ஆராய வேண்டியது. சரி, மாஊன் எண்டா என்ன? இங்கேதான் வகுப்பு வாயடைத்துப் போகிறது.

வாளி, சட்டி போன்ற இரவல் சாமான்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கினார்கள். ஸகாத் என்று அலி (ரலி) கூறியதாகவும் தஃப்ஸீர்களில் உண்டு. பரவலாக வாசிக்கப்படும் தமிழாக்கம் ஒன்று ‘அற்பமான’ என்று அடை சேர்க்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை; அச்சொல்லில் இகழ்ச்சி தொனிக்கிறது. நல்ல தண்ணிக் கிணற்றின் அருமை தெரிந்த தீவுப்பகுதி இது. மண்கும்பானில் பக்கத்து வீட்டுக்கு வாளியும் கயிறும் குடுக்காதவனை, அற்ப விசயம் எண்டு ஆரும் விடமாட்டினம். ‘புழங்குசாமான்’ என்றாலே போதும்.

தொழுகையில் பராமுகமாய் இருப்போரைக் கண்டிக்கும் அத்தியாயம் ஏன் ஒரு வாளியில் வந்து முடிகிறது? இதற்கு எத்தனை புள்ளி என்பதைப் போட்டி நடத்துவோர் சொல்லட்டும்.