ஆறிவரும் கைக்கு ஒரு ரிவால்வர்: ரூகர் ஜிபி 100

வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்து, இரண்டிலும் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கும் நிலையில் யாராவது புதுத் துப்பாக்கி வாங்குவார்களா என்று வீட்டிலேயே கேட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு, என்னிடமிருந்த 9 மில்லிமீட்டர் பிஸ்டலை என்னால் இயக்கவே முடியவில்லை. அதுதான் காரணம். பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற, மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். ஒரு கை பிடியை இறுக்கிக்கொள்ள, மறு கை ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். சுடும்போது மணிக்கட்டு வளைந்து கொடுத்தாலும் சிக்கல்தான்: ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகாமல், காலிக் குப்பி பாதியில் மாட்டிக்கொள்ளும். உறுதியான மணிக்கட்டு இருந்தால்தான் பிஸ்டல் தன் வேலையைச் செய்யும்.

ரிவால்வருக்கு அந்தத் தேவை இல்லை. ட்ரிகரை இழுக்கும் விரலே சிலிண்டரையும் சுழற்றுகிறது, ஹேமரையும் தூக்கி விடுகிறது. பிடித்திருக்கும் கை தளர்ந்திருந்தாலும் அடுத்த அறை குழலுக்கு நேரே வந்து நிற்கும். நூறாண்டுக்கு மேல் பழைய இந்த அமைப்பு, அடிபட்ட கைக்கு இவ்வளவு பொருந்தும் என்பதை நான் முன்பு யோசித்ததில்லை.

நான் வசிப்பது டெக்சஸில். பல வருடங்களாக இலக்குச் சுடுதலில் ஈடுபாடு உள்ளவன். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அங்கே முற்றிலும் வேறு உலகம் என்பதை மனதில் வைத்துப் படிக்கவும். இங்கே கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற மத்திய அரசின் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 1998 முதல் நடப்பில் உள்ள என்ஐசிஎஸ் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா, அதற்கு அடிமையா என்று படிவம் கேட்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைச் சொன்ன அளவில் எடுப்பது அதில் சேராது. ஆனாலும் அறுவைக்குப் பின் ஓபியாய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த வாரங்களில் நான் துப்பாக்கிக் கடைப்பக்கமே போகவில்லை. மந்தமான தலையோடு ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

கடையில் முதலில் என் கையில் கொடுத்தது ஒரு சின்ன ரிவால்வர். கை பலவீனமாக இருக்கிறதென்றால் கனமில்லாததைக் கொடுப்பது எங்கும் வழக்கம். எடுத்துப் பிடிக்க அது சுகமாகத்தான் இருக்கும். ரூகரின் எல்சிஆர் .38 ஸ்பெஷல் வகை 13.5 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 380 கிராம். சட்டைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. நான் வாங்கிய ஜிபி 100, 4.2 அங்குலக் குழலோடு 40 அவுன்ஸ். ஒரு கிலோவுக்கு மேல். ஒரே தோட்டாவை இரண்டிலும் சுட்டால், உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் குறையும். சின்னதில் கைக்கு வரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் பெரியதில் வரும். ஸ்க்ரூ போட்ட எலும்புக்கு எது வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கனத்தைத் தூக்கிப் பிடிப்பது சிரமம் என்றால், சுடுதளத்தின் மேசையில் ஒரு மணல் பையை வைத்து அதன்மேல் கையைச் சாய்த்துக்கொள்ளலாம். உதைக்கு அப்படி ஒரு மாற்றுவழி கிடையாது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686-ம் இதே எடைப் பிரிவில் இருக்கிறது. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ட்ரிகர் வழுக்கிக்கொண்டு போவதில் 686 ஒரு படி மேல் என்பதே பெரும்பாலான சுடுநர்களின் கருத்து. என் கருத்தும் அதுதான். ஆனாலும் ஜிபி 100-ஐ எடுத்தேன். அதற்கு முதல் காரணம், சிலிண்டரைத் திறக்கும் பொத்தான். ஸ்மித்தில் அதை முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அமுக்கினால் போதும்.

பொத்தான் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. வலது கட்டைவிரலுக்கென்று வைத்த இடம். நான் இப்போது சுடுவது இடது கையால். இடது கையில் பிடித்தால் ஆள்காட்டி விரல் நேராக அந்தப் பொத்தான் மேல் வந்து விழுகிறது. விரல் நுனியால் ஒரு அமுக்கு, வலப்பக்கத்திலிருந்து இடது கட்டைவிரலால் ஒரு தள்ளு, சிலிண்டர் வெளியே வந்துவிடும். அதன்பின் நடப்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். சிலிண்டர் இடப்பக்கம் திறப்பதால், தோட்டா நிரப்பும்போது எப்படியும் இடது கைதான் துப்பாக்கியின் கனத்தைத் தாங்கும். வலது கைக்குத் தோட்டாக்களைப் போடுகிற லேசான வேலை. வலது கையில் அடிபட்ட ஒருவருக்கு இந்தப் பங்கீடு அப்படியே ஒத்துவருகிறது. இடது கையில் அடிபட்டவர்கள் இதை நம்பி வாங்க வேண்டாம். அவர்களுக்குச் சுடுவது எளிது, நிரப்புவதுதான் வேதனை.

ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் இறக்கும் ஸ்பீட்லோடர்களில் இரண்டு வகை உண்டு. எச்கேஎஸ் வகையில் பின்னால் இருக்கும் குமிழைத் திருக வேண்டும். சஃபாரிலேண்ட் வகையில் உள்ளே அழுத்தினாலே தோட்டாக்கள் விடுபடும். திருகும் அசைவு என் முன்கைக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதனால் இரண்டாவது வகைதான்.

இப்போது ட்ரிகர். இந்தத் துப்பாக்கியை வைத்து நான் சொல்ல நினைப்பது உண்மையில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டபுள் ஆக்‌ஷனில், அதாவது ஹேமரைத் தூக்காமல் நேரே இழுக்கும்போது, இழுவை நீளமானது, கனமானது. ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு வைத்துக்கொண்டால் அதில் பாதி விசைகூடத் தேவைப்படாது. கை பலவீனமானவருக்கு இரண்டாவது வழிதானே நல்லது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் கைக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட்டிடம் பேசும்வரை. பிடியின் வலுவை அளக்கும் கருவியில் என் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்ததில் நான் மகிழ்ந்திருந்தேன். அவர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. என் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனிகளை மெல்லிய இழையால் தொட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் தொடுகை மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த மூன்றுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பு அடிபட்டிருந்தது.

அன்றிலிருந்து என் அளவுகோல் மாறியது. லேசான ட்ரிகர் என்பது, விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கான வசதி. மரத்த விரல் அதன்மேல் இருந்தால், இழுக்கிறோமா, தொட்டுக்கொண்டிருக்கிறோமா என்றே பிரித்தறிய முடியாது. நீளமும் கனமுமான இழுவை அப்படிப்பட்ட விரலை எளிதில் ஏமாற விடாது. அங்கே கனம்தான் பாதுகாப்பு. ஆனால் அதையும் நான் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. உணர்வு முழுதாகத் திரும்பும்வரை வலது ஆள்காட்டி விரல் ட்ரிகர் வளையத்துக்குள் போகாது. வலு திரும்பிவிட்டதே என்று சுடுதளத்துக்குத் திரும்பும் பலரைப் பார்த்திருக்கிறேன். உணர்வு திரும்பிவிட்டதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று அவர்களிடமெல்லாம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இதே காரணத்தால் ரிவால்வரில் இன்னொரு ஆபத்தும் கூடுகிறது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி ஒன்று உண்டு. சுடும்போது அதன் வழியே சூடான வாயுவும் ஈயத்துகளும் பக்கவாட்டில் சீறும். பிஸ்டல் பழக்கத்தில் துணைக் கையின் கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பவர்கள் அந்த இடத்துக்குத்தான் விரலைக் கொண்டுபோகிறார்கள். மரத்த கட்டைவிரல் அங்கே போனாலும் மூளைக்குச் செய்தி வராது. ஆகவே வலது கையைத் துணைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சுடுகிறேன்.

பலவீனமான கையிலிருந்து துப்பாக்கி நழுவலாம். ஜிபி 100-ல் ஹேமர் நேரடியாகத் தோட்டாவைத் தட்டும் ஊசியைத் தொடாது. ட்ரிகரை முழுதாக இழுத்தால் மட்டும் நடுவே ஒரு உலோகப் பட்டை எழும்பி, ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்தும். ட்ரிகரை இழுக்காமல் கீழே விழுந்தால் பட்டை கீழேயே இருக்கும், வெடிக்காது. இதே நிறுவனம் தன் பழைய கௌபாய் பாணி ரிவால்வர்களுக்கு 1973-இல் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தையவற்றில் ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக வைத்துக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. துப்பாக்கி நழுவினால் விழட்டும், பிடிக்கப் போகக்கூடாது. பாய்ந்து பிடிக்கும் விரல் ட்ரிகரில் மாட்டினால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது தெரிந்து, அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் தோட்டா போட்டுச் சுட்டேன். அதற்கு முன்பு வெற்றுப் பயிற்சி மட்டும். ஜிபி 100-ஐத் தோட்டா இல்லாமல் சொடுக்குவதால் கெடாது என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. நான் போலித் தோட்டாக்களும் போட்டுக்கொண்டேன். பயிற்சி நடக்கும் அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்காது. குறிமுனை அசையாமல் ட்ரிகரை முழுத்தூரம் இழுக்க இடது கை பழகிவிட்டது. ஆனால் என் வலது கண்தான் ஆளும் கண். இடது கையால் பிடித்து வலது கண்ணால் குறிபார்க்கக் கழுத்தை லேசாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. கறுப்பு முன்குறி கறுப்பு இலக்கில் கரைந்துபோகும் பிரச்சினையும் இருந்தது. இந்த வகையில் முன்குறியைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதால் ஒளிரும் ஃபைபர் குறி ஒன்றைப் பொருத்திவிட்டேன்.

தோட்டா விஷயத்தில் இந்தத் துப்பாக்கி தரும் சுதந்திரம்தான் அதை வாங்க இன்னொரு காரணம். .357 மேக்னத்துக்காகச் செய்த சிலிண்டரில் .38 ஸ்பெஷலும் போகும். 1935-இல் வந்த மேக்னம், .38-இன் குப்பியை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீட்டி உருவானது. பழைய .38 துப்பாக்கிகளில் அதைத் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி வகுத்த உச்ச அழுத்தம் .38 ஸ்பெஷலுக்கு 17,000 பிஎஸ்ஐ, மேக்னத்துக்கு 35,000. .38-இலேயே மென்மையானது, இலக்குச் சுடுநர்கள் விரும்பும் 148 கிரெயின் வாட்கட்டர்: தட்டையான தலை, நொடிக்குச் சுமார் 700 அடி வேகம். காகித இலக்கில் அச்சடித்தது மாதிரி வட்ட ஓட்டை போடும். ஒரு கிலோவுக்கு மேலுள்ள இந்த இரும்பில் அதைச் சுடும்போது உதை ஒரு மெல்லிய தள்ளல்தான். சுட்டு முடித்த இரவில் பிளேட் இருக்கும் இடம் வலிக்கவில்லை. மேக்னத்தை நண்பர் ஒருவர் சுட்டுக் காட்டினார். குழல் எம்பியதைப் பார்த்ததே எனக்கு இப்போதைக்குப் போதும்.

.38-ஐயே தொடர்ந்து சுட்டால் அறைகளின் முன்பகுதியில் கரி ஒரு வளையமாகப் படியும். அதை விட்டுவைத்தால் பிற்பாடு நீளமான மேக்னம் குப்பி உள்ளே இறங்க அடம்பிடிக்கும். பித்தளைத் தூரிகையால் ஒவ்வொரு முறையும் தேய்த்துவிட வேண்டும். உள்ளரங்கச் சுடுதளங்களில் ஈயத்தூசியும் இருக்கும். தையல் காயம் முழுதாக மூடாதவர்கள் அங்கே போகவே வேண்டாம். போய்வந்தவர்கள் சாப்பிடுவதற்கு முன் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கையைக் கழுவ வேண்டும்.

கூடவே வந்த ரப்பர் பிடியில் விரல்களுக்கான பள்ளங்கள் இருக்கின்றன. வீக்கம் வடியாத விரல்கள் அந்தப் பள்ளங்களில் உட்கார மறுத்தன. ஜிபி 100-இன் பிடிப்பகுதியில் உள்ளே இருப்பது ஒரு குட்டை முளை மட்டுமே என்பதால், அதன்மேல் எந்த வடிவப் பிடியையும் மாட்டலாம். பழைய ஜிபி 100-களில் வந்த, நடுவில் மரத்தகடு பதித்த சன்னமான பிடி ஒன்றைத் தேடி வாங்கினேன். கைக்கு ஏற்றபடி துப்பாக்கி மாறிக்கொடுப்பதில் இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ட்ரிகரை லேசாக்கும் மாற்று ஸ்பிரிங்குகளும் கிடைக்கின்றன. அவற்றைத் தொடவில்லை. ஹேமரின் அடி மெலிந்தால் சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகும். தவிர, என் விரலுக்கு இந்தக் கனம் வேண்டும்.

விரல் மூட்டு வாதத்தால் நீள இழுவையே முடியாதவர்களுக்கு ரிவால்வர் தீர்வாகாது. ஸ்லைடு எளிதில் இழுபடும்படி வடிவமைத்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈஸி போன்ற பிஸ்டல்களை அவர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரிய காயத்துக்குப் பிறகு மனமும் விழும். தூக்கமில்லாத இரவுகள், சட்டைப் பொத்தானைப் போட இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் காலைகள், எப்போது சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியாத நரம்பு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வலி மாத்திரையும் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருக்கும் காலத்தை அலட்சியமாக எண்ண எனக்கு உரிமையில்லை. எனவே ரிவால்வரை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே என் மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். பெட்டகத்தின் சாவி அவளிடம் இருக்கிறது. எண் பூட்டுக்குப் பதிலாகச் சாவிப் பூட்டை வாங்கியது அதற்காகத்தான். தோட்டாக்கள் வேறு அலமாரியில், வேறு பூட்டில். என் முகம் சரியில்லை என்று அவளுக்குத் தோன்றினால் சாவி கிடைக்காது, காரணமும் கேட்கக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆயிரம் டாலரை ஒட்டிய விலையில் ஜிபி 100 வாங்க நினைக்கும் ஆறிவரும் நோயாளி எவரும், பெட்டகத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் சேர்த்தே ஒதுக்கீடு செய்யட்டும்.