நிறம், சுவை, வாடை

பல்கலைக்கழக மானியக் குழுவுக்காக எராக் பரூச்சா எழுதிய சுற்றுச்சூழல் பாடநூல் தகவல் செறிந்தது. 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையே அப்பாடத்தைக் கட்டாயமாக்கியது. எட்டாம் அலகு களப்பணி. மாசடைந்த உள்ளூர் இடமொன்றைக் கண்டுவரச் சொல்வது. ஐம்பது மணி நேரத்தில் அதற்கு ஐந்தே மணி. கடலூர் மாணவன் சிப்காட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றையும், சிதம்பரத்து மாணவன் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டையும் பாராமலே தேர்ச்சி பெறலாம்.

குறை கூற நமக்கும் அருகதை குறைவு. நம் அரபிக் கல்லூரிகளில் ஃபிக்ஹு, தஹாரத்தின் பாடத்திலேயே தொடங்குகிறது. நிறம், சுவை, வாடை மாறினால் தண்ணீரின் சட்டமும் மாறும் என மனனம் செய்விக்கிறோம். ஓதுகிறோமே ஒழிய, முகர்ந்து பார்ப்பதில்லை! 2004-இல் சிப்காட் சுற்றுவட்டாரக் கிராமத்தாரோ நச்சுக் காற்றை வாடையால் இனம்பிரித்துக் குறித்தனர்; வாளியில் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினர்.

“உப்பனாற்று நீரில் உளூ கூடுமா, ஹஜ்ரத்?” என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். அசுத்தம் கலந்து மாறிய நீர் வேறு, சுத்தமான பொருள் கலந்து மாறிய நீர் வேறு. ஆலைக் கழிவு இவற்றில் எது? கிதாபைப் பார்க்கும்படி சொல்லி அனுப்பிவிட்டேன். ஆற்றங்கரைக்கு நாங்கள் இருவரும் இன்னும் போகவில்லை.