கிழிக்கப்பட்ட முகம்

1848 மார்ச்சில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நண்பரான நடிகர் மக்ரீடிக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பினார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு அது. கூடவே ஒரு கடிதம். புத்தகத்திலிருந்த டக்ளஸின் படம் மகா அவலட்சணமாம். அதைப் பார்த்ததுமே நண்பருக்கு நூலின்மேல் வெறுப்பு வந்துவிடுமோ என்று பயந்து கிழித்து எடுத்துவிட்டாராம்.

கிழித்தவர் எதிரியல்ல. 1842இல் அமெரிக்கப் பயணம் பற்றி எழுதிய நூலில் அடிமை முறையைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியவர். அந்த வரலாறு படிக்கப்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் முகத்தைக் கிழித்தார். என் சிக்கலே இங்கேதான்.

படம் மோசமாக வரையப்பட்டிருக்கலாம், நியாயம்தான். டக்ளசுக்கும் அந்தக் குறை உண்டு. வெள்ளை ஓவியர்கள் கறுப்பர் முகத்தை ஓரவஞ்சனையில்லாமல் வரைவதில்லை என்று 1849இல் எழுதினார். ஆனால் இருவர் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிக்கன்ஸ் முகத்தை நீக்கினார். டக்ளஸ் தன் முகத்தைத் தானே காட்டக் கேமரா முன்னால் போய் உட்கார்ந்தார். சுமார் 160 புகைப்படங்கள். பெரும்பாலும் சிரிக்காத முகம். அதே டக்ளஸ் 1852-53இல் டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலைத் தம் பத்திரிகையில் தொடராகவும் போட்டார்.

இதை நாஞ்சில் நாட்டிலிருந்து வாசிக்கிறேன். அந்தக் கடிதத்துக்கு முந்தின வருசம், 1847இல், லண்டன் மிஷனரிகள் அடிமைகளை விடுவிக்கச் சொல்லித் திருவிதாங்கூர் மன்னரிடம் மனுக் கொடுத்தார்கள். பிரகடனம் 1855இல்தான் வந்தது. இங்கே நிலத்தோடும் தனியாகவும் விற்கப்பட்ட பறையர், புலையர் பட்ட பாட்டைப் பெரும்பாலும் மிஷனரிகளின் எழுத்து வழியாகத்தான் படிக்கிறோம். அதில் இரக்கம் நிறைய, முகம் குறைவு.

எனக்கும் இது நடந்தது. என் முதல் கட்டுரையைப் பாராட்டிய ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னார்: "தம்பி, நல்லா வந்திருக்கு. சேரிப் பேரையும் அம்மை பேசுத பேச்சையும் மட்டும் எடுத்திருவோம். வாசிக்கவன் மொகம் சுளிக்கப்பிடாது, கேட்டியா?" தலையாட்டினேன். அச்சில் வந்ததை அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இது ஆரு வீட்டுக் கதைலே?" என்றாள்.

கிழிக்கக் கொடுத்ததில் எனக்கும் பங்குண்டு. டிக்கன்ஸைக் குறை சொல்லும் முன் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கதைக்கு அழுகிறவன் முகத்தையும் பார்க்கட்டும். சுளிக்கிறவன் சுளிச்சுக்கிடட்டும்.