ஜாம்பிப் படங்களில் அடுப்பு எரிவதில்லை

இளங்கலை மூன்றாம் ஆண்டு வகுப்பில் ‘மிருதன்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 2016இல் வெளியான இதைத் தமிழின் முதல் ஜாம்பிப் படம் என்பார்கள். ஊட்டியில் போக்குவரத்துக் காவலராக இருக்கும் ஜெயம் ரவி, ஊரே ஜாம்பியாக மாறிக்கொண்டிருக்கும்போது தன் தங்கையைக் காப்பாற்றப் போராடுகிறார். “தங்கச்சிக்குப் பதிலா கைக்குழந்தை இருந்திருந்தா படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் மேம். குழந்தை அழும், சத்தத்துக்கு ஜாம்பி வந்திடும். அதைக் காப்பாத்துறதெல்லாம் ரியலிஸமே இல்ல” என்றாள் ஒரு மாணவி. பின்வரிசையில் இன்னொருத்தி, வீட்டில் அக்காள் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள், “அழறதுக்கு முன்னாடி அதுக்குப் பசிக்குமே மேம்” என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பின்வரிசைக் குரலிலிருந்து தொடங்குகிறது.

பேரழிவுப் படங்களில் குழந்தை என்றால் சத்தம். ‘எ கொயட் பிளேஸ்’ (2018) படத்தில் வருவது ஜாம்பி அல்ல, ஒலியைக் கேட்டு வேட்டையாடும் ஜந்துக்கள். ஆனாலும் கேள்வி அதே கேள்விதான். தாய் வாயைப் பொத்திக்கொண்டு பிரசவிக்கிறாள். பிறந்த குழந்தையை மூடியிட்ட பெட்டிக்குள் வைத்து, மூச்சுக்கு ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். பெட்டியைச் செய்யத் தெரிந்த தகப்பனின் சாமர்த்தியத்தைப் படம் நின்று காட்டுகிறது. பச்சைக் குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும், பகலிலும் இரவிலும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் படத்துக்கு நேரமில்லை.

‘கார்கோ’ (2017) வேறு மாதிரி. ஆஸ்திரேலியக் காட்டுவெளியில் கடிபட்ட தகப்பனுக்கு, தான் ஜாம்பியாக மாற 48 மணி நேரமே இருக்கிறது. அதற்குள் மகளை யார் கையில் கொடுப்பது என்று தேடி நடக்கிறான். குழந்தையை ஒருவரால் மட்டும் வளர்க்க முடியாது என்ற உண்மை இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் மூன்றாம் பருவத்தில் பிரசவத்திலேயே தாய் இறந்துவிட, இருவர் கிளம்பிப்போய்க் கைவிடப்பட்ட குழந்தைகள் காப்பகம் ஒன்றிலிருந்து பால் பவுடர் எடுத்து வருகிறார்கள். நான் பார்த்தவற்றில் யதார்த்தத்துக்கு மிக அருகில் வந்த இடம் அதுதான். அங்கேயும் சாகசம் டின்னைக் கொண்டுவருவதோடு முடிந்துவிடுகிறது.

டின் உணவல்ல. அதைக் கரைக்கக் கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும். கொதிக்க வைக்க அடுப்பு, எரிக்க விறகோ கேஸோ, கழுவிய பாத்திரம் வேண்டும். புட்டியின் ரப்பரைச் சுத்தமாக வைத்திருப்பது கடினம் என்பதால், பேரிடர்க் காலத்தில் திறந்த கிண்ணத்தில் புகட்டுவதே நல்லது என்கிறார்கள் மருத்துவத் துறையினர். நம் வீடுகளின் பாலாடை அதுதான். தாய்ப்பாலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பயந்தால் பால் வற்றிவிடும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பயத்தில் பால் சுரந்து வர நேரமாகலாம், ஆனால் குழந்தையை மீண்டும் மீண்டும் மார்பில் போட்டால் வரும். நிறுத்திய பெண்ணுக்கும் திரும்பச் சுரக்க வாய்ப்புண்டு. அதற்கு அவளுக்குக் கஞ்சியும் தண்ணீரும் உட்கார ஓரிடமும் மற்ற வேலைகளைப் பார்க்க இன்னொரு ஆளும் வேண்டும். இத்தனையும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை, அதனால் காட்சியாகாத வேலை.

நம் இலக்கியத்துக்கு இந்தக் கணக்கு தெரியும். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச்சாத்தனார் குமணனிடம் தன் வறுமையைச் சொல்கிறார். முதலில் சொல்வது சமையலை மறந்து காளான் பூத்த அடுப்பை. அதற்குப் பிறகுதான் பால் வற்றிய முலையும் அதைச் சுவைத்து அழும் பிள்ளையும் வருகின்றன. அடுப்பு எரியாத வீட்டில் முலையும் சுரக்காது என்பதற்கு அவர் விளக்கம் எழுதவில்லை, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். மனைவி பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள், அவர் மனைவியைப் பார்க்கிறார். பேச்சு ஆணுடையதுதான், பரிசில் கேட்டுப் போகிறவரும் அவர்தான். என்றாலும், குழந்தையின் அழுகையை அடுப்புவரை பின்தொடர்ந்து போன அந்தப் பார்வையை யதார்த்தம் என்பேன்.

தமிழர்கள் உலகின் முடிவைத் திரையில் மட்டும் பார்த்தவர்கள் அல்லர். 2009இல் வன்னியில், தாக்குதல் நடக்காது என்று அரசு அறிவித்த வலயத்துக்குள் லட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தார்கள். அங்கே குழந்தையின் உயிர் ‘பால்மா’ என்ற சொல்லில் தொங்கியது. ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் எறிகணைகள் விழுந்தன. இறந்த தாய்மார் சிலரின் கைகளில் பால்மா பெறுவதற்கான அட்டைகள் அப்படியே இருந்தன என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அந்தத் தாய்மாரிடம் அன்புக்கோ துணிச்சலுக்கோ குறைவில்லை. குழந்தை பிழைக்க அவை போதாது. பால்மா வந்து சேரும் வழியும், வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும். இரண்டையும் பறித்தவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு. ஜாம்பிக்கு அவை கிடையாது. பேரழிவைச் சொல்ல ஜாம்பி அவ்வளவு வசதியான உருவமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

இதோடு என் கதையை வைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் விட்டதைச் சுட்டிக்காட்டும் நான், விட்டதையும் சொல்லியாக வேண்டும்.

2015 டிசம்பரில் என் மகளுக்கு நான்கு மாதம். காய்ச்சலில் படுத்து எழுந்ததில் தாய்ப்பாலை நிறுத்தியிருந்தேன், பவுடர்தான். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததும் அடையாறு பெருகியதும் ஊர் முழுக்கச் செய்தி. திருமழிசையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர்தான். ஆனால் சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டது, கரண்ட் இல்லை, கேன் தண்ணீர் வரவில்லை, இரண்டாம் நாள் கேஸும் தீர்ந்தது. டின்னில் முக்கால்வாசி பவுடர் இருந்தது. கரைக்க வழியில்லை.

பின்தெருவில் ஓர் அக்கா இருந்தார். சிட்கோ தொழிற்பேட்டையில் கூலி வேலை. அவருக்கு ஏழு மாதப் பிள்ளை. மகளின் அழுகையைக் கேட்டுத் தண்ணீரில் நடந்து வந்து, “குடுங்க டீச்சர், ரெண்டு பக்கமும் இருக்குதில்ல” என்று கை நீட்டினார். மூன்று நாள், ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வந்தார். வராத நேரத்துக்குப் பீய்ச்சிப் பாலாடையில் வைத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் கரண்ட் வந்ததும் என் மாமியார் கேட்டார்: “அவங்க எந்த ஆளுங்கன்னு விசாரிச்சியா?” நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அன்றைக்குப் பெருந்தன்மை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் “எப்படியோ சமாளிச்சோம்” என்றேன். அந்த ‘எப்படியோ’வுக்குள் அவரை வைத்து மூடிவிட்டேன். படங்கள் செய்யும் வெட்டும் இதுவேதான். என்னுடையதில் சாதியும் கூடவே இருந்தது.

எங்கள் ஊரின் பெரிய கதையே கைவிடப்பட்ட குழந்தையின் கதை. திருமழிசையாழ்வார் உறுப்பில்லாத பிண்டமாகப் பிறந்து மூங்கில் புதரடியில் விடப்பட்டவர். கண்டெடுத்தவர் பிரம்பறுக்கும் திருவாளன், வளர்த்தவள் அவர் மனைவி பங்கயச்செல்வி. குழந்தை முலைப்பாலைக் குடிக்கவில்லை. ஒரு முதியவரும் அவர் மனைவியும் காய்ச்சிய பாலை நாள்தோறும் கொண்டுவந்து புகட்டினார்கள் என்கிறது குருபரம்பரை. தெய்வத்தின் கதையிலும் பாலை யாரோ காய்ச்சித்தான் எடுத்துவர வேண்டியிருக்கிறது. பின்னாளில் ஆழ்வார் விட்ட மீதிப் பாலைக் குடித்து அந்தத் தம்பதி இளமை பெறுவதுதான் பேசப்படும் அற்புதம். தினமும் நடந்து வந்ததை யாரும் அற்புதமாகச் சொல்வதில்லை. பெற்றெடுக்காத பிள்ளைக்காகக் காத்திருந்த பங்கயச்செல்விக்கோ கதையில் ஓரிரு வாக்கியங்கள்தான்.

‘தாய்மை எதையும் வெல்லும்’ என்று முடிக்கும் படங்கள் இத்தனை பேரையும் நீக்கிவிட்டு ஒருத்தியைத் தனியே நிறுத்துகின்றன. குழந்தை பிழைத்தால் அவள் தியாகம், இறந்தால் அவள் குற்றம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் பால் பாக்கெட்டுக்காக மக்கள் அலைந்தபோதும், “வீட்டில் ஸ்டாக் வைத்திருக்க வேண்டாமா?” என்று அம்மாக்களைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

முதல் மாணவிக்கு நான் அன்று சொன்ன பதில் இது: பேரழிவில் கைக்குழந்தை பிழைப்பது நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. அடுப்பும் நல்ல தண்ணீரும் அடுத்த வீட்டுப் பெண்ணும் இல்லாமல் பிழைப்பதாகக் காட்டுவதுதான் நம்பும்படி இல்லை. பிறகு பின்தெரு அக்காவின் கதையை முதன்முறையாக ஒரு வகுப்பில் சொன்னேன். பின்வரிசை மாணவி, “உங்க பொண்ணுக்கு இது தெரியுமா மேம்?” என்று கேட்டாள். தெரியாது. அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.