திறமூல மென்பொருளில் நிலைப்பதிப்பும் பதிப்பெண்ணும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

திறமூல மென்பொருளின் மூலநிரல் நாள்தோறும் பலரால் திருத்தப்படுகிறது. அத்திருத்தங்களுக்கிடையே ஒரு நிலையைத் தேர்ந்து, எண்ணிட்டு, பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிடுவது நிலைப்பதிப்பு எனப்படும். நிலைப்பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு எனக் கருதும் போக்கு உண்டு. அக்கருத்து பொருந்தாது என்பதையும், வெளியிட்டதை மாற்றாதிருத்தலே நிலைத்தன்மைக்கு அடிப்படை என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பதிப்பெண் தரும் உறுதி

டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த 'செமான்டிக் வெர்ஷனிங்' நெறி பதிப்பெண்ணை மூன்று கூறுகளாகப் பகுக்கிறது. முந்தைய பயன்பாட்டோடு ஒவ்வாத மாற்றம் நேர்ந்தால் முதல் எண்ணும், ஒத்துப்போகும் புதிய வசதி சேர்ந்தால் இரண்டாம் எண்ணும், பிழைதிருத்தம் மட்டுமெனில் மூன்றாம் எண்ணும் உயரும். எனவே 2.4.1 பதிப்பிலிருந்து 2.4.2 பதிப்பிற்குத் தயக்கமின்றி மாறலாம் என்பது நெறியின் உட்கிடை. ஆயினும் எது ஒவ்வாத மாற்றம் என்பதை முடிவு செய்பவர் நிரலாளரே. பிழையெனக் கருதி அவர் நீக்கிய ஓர் இயல்பை நம்பி வேறொருவர் தம் நிரலை அமைத்திருக்கக்கூடும். ஆதலின் பதிப்பெண் வெளியிடுவோரின் நோக்கத்தை மட்டுமே அறிவிக்கிறது, விளைவிற்குச் சான்றாவதில்லை.

லினக்ஸ் கெர்னலின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். 2.6 பதிப்பிற்கு முன்னர், இரண்டாம் எண் இரட்டைப்படையாயின் நிலைப்பதிப்பு, ஒற்றைப்படையாயின் வளர்ச்சிப் பதிப்பு என்னும் மரபு இருந்தது. 2.4 முன்னதற்கும் 2.5 பின்னதற்கும் சான்றுகள். பின்னர் அம்மரபு கைவிடப்பட்டது. 2011இல் 2.6.39 பதிப்பை அடுத்து 3.0 வெளிவந்தபோது, எண் மாறிய அளவிற்கு நிரலில் பெருமாற்றம் எதுவும் இல்லை. அங்கு நிலைத்தன்மையைக் காப்பவை விதிகள்: திருத்தம் முதன்மைக் கிளையில் முன்பே ஏற்கப்பட்டிருக்க வேண்டும், உண்மையான பிழையைத் தீர்க்க வேண்டும், சூழ்வரிகள் உட்பட 100 வரிகளுக்கு மிகலாகாது.

மாறாமையும் டேக் இடுதலும்

'கிட்' கருவியில் மூலநிரலின் ஒரு நிலைக்கு இடப்படும் பெயரே டேக். குறிப்புரையுடன் கூடிய டேக், இட்டவர் பெயரையும் நாளையும் தாங்கும்; மின்கையொப்பமும் ஏற்கும். வெளியிட்ட டேக்கை வேறு நிலைக்கு மாற்றியமைக்கக் கருவி இடந்தருகிறது. எனினும் அதன் ஆவணமே, தவற்றை ஒப்புக்கொண்டு புதுப்பெயர் இடுவதே முறை என அறிவுறுத்துகிறது. முன்பே பெற்றவரிடம் பழைய டேக் தங்கிவிடுவதால், ஒரே பெயரில் இருவேறு நிரல்கள் உலவ நேரும்.

டெபியன் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1995 டிசம்பரில் குறுந்தகடு வெளியீட்டாளர் ஒருவர் முற்றுப்பெறாத வளர்ச்சி நிலையை 1.0 எனப் பெயரிட்டு வெளியிட்டுவிட்டார். டெபியன் குழுவினர் குழப்பம் தவிர்க்க அவ்வெண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 எனத் தம் பதிப்பை வெளியிட்டனர்.

முடிவுரை

மொழித்தரவுகளைக் கணினிவழி ஆராய்வோர்க்கும் இது பொருந்தும். மென்பொருளின் பெயரை மட்டும் சுட்டுவது, நூற்பெயரைக் கூறிப் பதிப்பைக் கூறாமைக்கு ஒப்பாகும். சொற்பகுப்புக் கருவியின் வேறொரு பதிப்பு வேறு எண்ணிக்கையைத் தரக்கூடும். அந்நிலையில் ஆய்வு முடிவைப் பிறர் சரிபார்க்க இயலாது. பதிப்பெண்ணைக் குறிப்பிடுவது ஆய்வாளர் கடன். அவ்வெண் சுட்டும் நிரலை மாற்றாதிருப்பது வெளியிடுவோர் கடன்.