பொய்மான் கரடும் குசும்பும்

ஊர்களுக்குச் சுபாவம் கற்பிப்பது நமக்குப் பழகிப்போன காரியம். தஞ்சாவூர்க்காரன் பேச்சில் மயக்குவான், திருநெல்வேலிக்காரன் குத்துவான், கோயமுத்தூர்ப் பக்கம் என்றால் குசும்பு. விமர்சகர்களும் இந்தப் பட்டியலை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜானகிராமனுக்குக் காவிரி, புதுமைப்பித்தனுக்குத் தாமிரவருணி என்று தண்ணீரைக் காட்டி முடித்துவிடுகிறோம். காவிரி ஓரமாகப் போயும் மேட்டில் ஏறாத சேலம், நாமக்கல் புழுதிக் காடுகளுக்கு இந்தக் கணக்கில் ஹாஸ்யமே கிடையாது. சினிமாவில் கவுண்டமணி வாய் திறந்தால்தான் கொங்குத் தமிழுக்கு நாம் சிரிக்கிறோம்.

ஆங்கிலம் பேசுகிற தேசங்களைப் பற்றியும் இதே போன்ற பட்டியல் ஒன்று உண்டு. இங்கிலாந்துக்காரன் குறைத்துச் சொல்லிச் சிரிப்பான். அமெரிக்கன் ஊதிப் பெருக்குவான். ஐரிஷ்காரன் கசப்பைக் கலப்பான். ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களின் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்று ஸ்விஃப்ட் 1729இல் ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு யோசனை சொன்னார். டப்ளின் குளிரில் பிறந்ததா இந்தக் கசப்பு? மனிதர்களைத் தொகைகளாக மட்டும் பார்த்த திட்டக்காரர்களுக்கு அவர்களுடைய பாஷையிலேயே பதில் சொல்லவேண்டியிருந்தது. மார்க் ட்வைனின் ஹக் ஃபின், ஓடிவந்த அடிமையைக் காட்டிக்கொடுக்காததால் தனக்கு நரகம் நிச்சயம் என்று மனப்பூர்வமாக நம்புகிறான். அந்த நம்பிக்கையை அவனுக்குப் புகட்டிய ஊரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். யார் யாரிடம் பேசவேண்டியிருக்கிறது, யாரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்பதில்தான் ஹாஸ்யத்தின் குணம் தீர்மானமாகிறது. சுபாவம் என்பது பிற்பாடு ஒட்டப்படும் சீட்டு.

நம் பக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து, மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 1929இல் ‘விமோசனம்’ வந்தது. ஆசிரியர் சேலத்து வக்கீல் ராஜாஜி. உடனிருந்து உழைத்தவர் தஞ்சை ஜில்லாப் புத்தமங்கலத்தின் கல்கி. டெல்டாவின் சரளமான சிரிப்பு இந்த மேட்டுக்கு வந்து தங்கியது அப்போதுதான். பல வருஷங்களுக்குப் பிறகு கல்கி ‘பொய்மான் கரடு’ எழுதினார். சேலம்–நாமக்கல் சாலையில் உள்ள கரடு அது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறை இடுக்கில் மான் நிற்கும். கிட்டப் போனால் இருக்காது. கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அகப்படாது. ஆனால் நாயகன் செங்கோடனும் சாலையிலிருந்து பார்க்கப்பட்டவன்தான். அவனுடைய வெகுளித்தனம் நமக்கு வேடிக்கை. கதை சொல்பவர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார், நாமும் சேர்ந்துகொள்கிறோம்; செங்கோடன் ஒரு தடவைகூட நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கல்கியின் பிரியத்தில் சந்தேகமில்லை. கிட்டப் போனால் அந்த மனிதன் அங்கே இல்லை என்பதுதான் குறை.

கிட்டப் போனால் கேட்பது வேறு. மழை தப்பிய வருஷத்தில் ஒருவரிடம் காடு எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். “அங்கயேதானுங்க இருக்குது” என்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்டவனின் அறியாமை, வானத்தின் துரோகம், தன் கடன் மூன்றும் அந்தப் பதிலில் இருக்கின்றன. அந்த ‘ங்க’ மட்டும் மரியாதை குறையாமல் நிற்கிறது. இந்த ‘ங்க’வைப் பணிவு என்று மட்டும் படித்தவர்களுக்குக் கொங்கு எழுத்து வறண்டுதான் தெரியும்.

ஆனால் இதையும் ‘கொங்கு நகைச்சுவை’ என்று பொதுவில் பட்டா எழுதிவிட முடியாது. பண்ணையக்காரர் சொல்லும் ‘ங்க’வும் பண்ணையத்து ஆள் சொல்லும் ‘ங்க’வும் ஒன்றல்ல. முன்னதை விட்டுவிடலாம், பின்னதை விட்டால் அடி விழும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் (2000) ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்கள் கவுண்டர் இல்லாத வெளியில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு எல்லை உண்டு. காட்டின் வேலியோடு அது முடிகிறது. ‘நிழல்முற்ற’த்தில் (1993) சினிமாக் கொட்டகையில் சோடா விற்கும் பையன்களுக்குக் கேலியும் வசவும் ஒன்றுதான். இரண்டு நாவல்களிலும் சிரிப்பு வட்டாரத்தின் அலங்காரமாக வரவில்லை. யாருக்கு எவ்வளவு இடம் என்பதை அளந்து காட்டும் கோலாக வருகிறது.

இந்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதைப் பிறகு நாம் பார்த்தோம். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ மீது 2014 டிசம்பரில் கிளர்ச்சி எழுந்தது. 2015 ஜனவரியில், நாமக்கல் பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அதை ஹாஸ்யம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தன் சாவை ஒரு தகவலாக, குரல் உயராமல் சொல்லும் அந்த வாக்கியத்தின் வடிவம் அந்தக் காட்டுப் பதிலின் வடிவம்தான். சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2016 ஜூலையில் வந்தது. அதே வருஷம் ‘பூனாச்சி’ வந்தது. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்யக் காத்திருக்கும் ஜனங்களும், ஆட்சியாளர் காதில் விழாமல் பேசும் அவர்களது பேச்சும் நாவலின் சிறந்த பகுதி. பூனாச்சியின் காதல் வந்ததும் தொனி இளகிவிடுகிறது, இரக்கம் முந்திக்கொள்கிறது. முதல் பகுதியின் உலர்ந்த குரல் கடைசிவரை தாங்கியிருந்தால் அது தமிழில் அபூர்வமான அங்கதமாகியிருக்கும்.

தன்னைக் குசும்புக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படும் ஒரு சமூகத்தால், தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் பொறுக்க முடியவில்லை. குசும்பு பிறர்மேல் மட்டும் என்றால் அது அதிகாரத்தின் பொழுதுபோக்கு. வட்டார சுபாவத்தைக் கொண்டாடும் விமர்சனம் இந்தப் பெருமைக்குத்தான் தீனி போட்டுக்கொண்டிருக்கிறது. நதியைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, எந்த ‘ங்க’வை யார் சொல்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கலாம்.